ஜர்னலுக்கு எத்திக்ஸ் பாரா எழுதறது எப்படி: ஃபோன் கேமரா, ஏஐ, ட்ரோன் காலத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

போன மாசம் ஒரு தம்பி லேப்டாப்பத் தூக்கிட்டு வந்தான். பிஎச்டி மூணாவது வருஷம், ஆத்தங்குடியில டைல்ஸ் போடறவங்க கையில வர்ற தோல் வெடிப்ப ஃபோன்ல படம் எடுத்து, அத ஏஐ மாடல் வச்சு கண்டுபிடிக்கறதுதான் அவன் ஆராய்ச்சி. நல்ல ஐடியா, குறையே சொல்ல மாட்டேன். அந்த வேலையக் கிட்ட நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், கண்ணாடி மேல இரும்பு அச்ச வச்சு, கலர் சிமெண்ட்ட ஒவ்வொரு கட்டமா ஊத்தி, அச்ச எடுத்துட்டு, மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்கி, அப்பறம் தண்ணித் தொட்டியில ஊறப் போடணும், எல்லாமே கைதான். ஈர சிமெண்ட் தோலை அரிச்சிரும், அதுல இருக்கற குரோமியம் சிலருக்கு அலர்ஜியும் கெளப்பும்.

பேப்பர் அனுப்பியிருந்த ஜர்னலோட எடிட்டர் மெயில் போட்டிருந்தாரு. எத்திக்ஸ் அப்ரூவல் நம்பர் எங்க, படம் எடுக்க சம்மதம் எப்படி வாங்குனீங்க, ஏஐய எங்கெங்க பயன்படுத்துனீங்கன்னு மூணு கேள்வி. தம்பி பேப்பர் கடைசியில எழுதியிருந்தது ஒரே வரி, "எத்திக்ஸ் அப்ரூவல் பொருந்தாது". ஏன்டா பொருந்தாதுன்னு கேட்டா, "அண்ணே, முகம் எதுவுமே எடுக்கலயே, வெறும் கைதானே"ங்கறான். பேப்பர்ல இருந்த மூணாவது படத்தப் பெருசாக்கிக் காட்டுனேன். ஒரு பெரியவரோட முன்னங்கையில பச்சை குத்தியிருக்கு, பேரு, இனிஷியலோட, பளிச்சுன்னு வாசிக்கலாம்.

அன்னிக்கு அவன்கிட்ட சொன்னத கொஞ்சம் விரிவாத்தான் இங்க எழுதறேன். என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான், எத்திக்ஸ் பாரா, அதாவது ஆராய்ச்சிய அனுமதி, சம்மதம் வாங்கி நெறியோட செஞ்சோம்னு சொல்ற பத்தி, பேப்பர் முடிஞ்சப்பறம் உக்காந்து எழுதற சமாச்சாரம் இல்ல. நம்ம ஊரு பழைய கணக்கு முறை ஞாபகம் இருக்கா, அன்னன்னிக்கு சிட்டையில குறிச்சு, அதப் பேரேட்டுல ஏத்தி, அப்பறம்தான் ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட் போடுவாங்க. சிட்டையே இல்லாம ஐந்தொகை மட்டும் எழுதுனா அதுக்குப் பேரு பொய்க்கணக்கு. இதுவும் அதே கதைதான்.

படி 1: உங்க வேலை எந்தக் கூடையில விழுதுன்னு பாருங்க

மனுசங்க கிட்ட பேட்டி, சர்வே, ரத்தம், எச்சில், படம், குரல், நடமாட்டம், ஃபோன் டேட்டா எது எடுத்தாலும் அது மனுச ஆராய்ச்சிதான். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2017ல வெளியிட்ட தேசிய எத்திக்ஸ் வழிகாட்டுதல்தான் மருத்துவம், சுகாதாரம் சம்பந்தப்பட்டதுக்கு நம்ம நாட்டுல அடிப்படை. அதுல ரிவ்யூ மூணு வகை: விலக்கு, சீக்கிர ரிவ்யூ, முழு கமிட்டி ரிவ்யூ. எல்லாரும் சறுக்கற எடம் ஒண்ணு இருக்கு, விலக்குன்னு முடிவு பண்றது நீங்க இல்ல, உங்க கைடும் இல்ல, கமிட்டிதான். விலக்கு கிடைச்சாலும் அதுக்கு ஒரு லெட்டர் வரும், அதுல நம்பர் இருக்கும், அந்த நம்பரத்தான் பேப்பர்ல போடணும். "பொருந்தாது"ன்னு நாமளே எழுதிக்கிறது நமக்கு நாமளே பாஸ் மார்க் போட்டுக்கற மாதிரி.

"கம்பெனி ஏற்கனவே எடுத்த டேட்டாதானே, நாங்க அனலைஸ் மட்டும்தான் பண்ணுனோம்"னு சொல்றவங்க 2014 ஃபேஸ்புக் விவகாரத்தப் படிக்கணும். 6,89,003 பேரோட நியூஸ் ஃபீட்ல சந்தோசப் பதிவு, சோகப் பதிவோட அளவ மாத்திப் பாத்து, அவங்க எழுதறதும் மாறுதான்னு பாத்தாங்க, அவங்க யாருக்கும் தனியா சொல்லாமலே. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியோட பி.என்.ஏ.எஸ் ஜர்னல்ல வந்துச்சு. சோதனைய நடத்துனது கம்பெனி, அதனால எங்க மனுச ஆராய்ச்சி விதிக்குள்ள வராதுன்னு, கூட வேலை பாத்த ஆராய்ச்சியாளர்களோட கார்னெல் பல்கலைக்கழகம் சொல்லிருச்சு. கடைசியில ஜர்னலே அந்தப் பேப்பர் மேல கவலை தெரிவிச்சு ஒரு எடிட்டர் குறிப்பு போட வேண்டியதாச்சு. பேப்பர் வாபஸ் ஆகல, ஆனா அந்தக் குறிப்பு இன்னிக்கும் கூடவே நிக்குது.

எலி, முயல்னு போனா அது தனி ரூட்டு, நிறுவனத்தோட விலங்கு எத்திக்ஸ் கமிட்டி, மேல விலங்கு சோதனையக் கண்காணிக்கற மத்திய அரசுக் குழுவான சிசிஎஸ்இஏ, பேப்பர் எழுதும்போது விலங்கு ஆராய்ச்சிக்கான அரைவ் வழிகாட்டுதல். அத இங்க விடறேன்.

படி 2: கமிட்டி, தேதி

மருந்து, மருத்துவக் கருவி சோதனைன்னா மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ கிட்ட பதிவான கமிட்டி, மத்த மருத்துவ, சுகாதார ஆராய்ச்சின்னா சுகாதார ஆராய்ச்சித் துறையில பதிவான கமிட்டி, புது மருந்து, மருத்துவச் சோதனைக்கான 2019 விதிகளுக்கு அப்பறம் இதுதான் நெலம. 7லேர்ந்து 15 பேர் இருப்பாங்க, தலைவர் வெளியாளா இருக்கணும், சட்டம் தெரிஞ்சவர், சமூக அறிவியல்காரர், சாதாரணப் பொதுஜனம் ஒருத்தர், எல்லாரும் வேணும். கூட்டம் செல்லணும்னா கொறஞ்சது 5 பேர் இருக்கணும். உங்க காலேஜ்ல கமிட்டியே இல்லன்னா வேற நிறுவனத்துக் கமிட்டியோட ஒப்பந்தம் போட்டு அங்க குடுக்கலாம், விதியில எடம் இருக்கு. நம்ம பக்கம் ஆர்ட்ஸ் காலேஜ் ஸ்காலர்ஸ் நெறைய பேருக்கு இது தெரியாமலே "எங்க காலேஜ்ல இல்ல சார்"னு விட்டுடறாங்க.

தேதி விசயத்துல என் சொந்த அனுபவம் ஒண்ணு. சில வருசத்துக்கு முன்னாடி ஒரு சர்வே பேப்பர் அனுப்புனேன், அப்ரூவல் இருந்துச்சு, நம்பர் இருந்துச்சு, எல்லாம் சரி. ரிவ்யூவர் ஒருத்தர் டேபிள்ல இருந்த முதல் பேட்டி தேதியையும் அப்ரூவல் தேதியையும் ஒத்துப் பாத்துட்டாரு, பேட்டி அப்ரூவலுக்கு 11 நாள் முந்தி. "சும்மா பைலட்தாங்க, கேள்விய முன்னோட்டம் பாத்தோம்"னு நான் எழுதுன பதில் எடுபடல, பேப்பர் திரும்பி வந்துருச்சு. பைலட்டும் ஆராய்ச்சிதான், அதுல உக்காந்து பதில் சொன்னவங்களும் மனுசங்கதான். டேட்டா எடுத்தப்பறம் பின்தேதி போட்டு அப்ரூவல் தர்றது எந்த ஒழுங்கான கமிட்டியும் செய்யாத காரியம், அதனால கேட்டுப் போய் அவமானப்படாதீங்க.

சிகிச்சையோ வேற எதாவது தலையீடோ குடுத்துப் பாக்கற ட்ரயல்னா, இந்தியாவோட ட்ரயல் பதிவேடான சிடிஆர்ஐல பதிவும் வேணும். 2018 ஏப்ரல் 1லேர்ந்து முதல் ஆளைச் சேக்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணியாகணும். ஃபோன் ஆப் குடுத்து "தெனம் இத யூஸ் பண்ணுங்க, சுகர் கொறையுதான்னு பாப்போம்"னு சொன்னா அதுவும் ட்ரயல்தான், மாத்திரை குடுத்தாத்தான் ட்ரயல்னு இல்ல.

இன்னொண்ணு, மத்த எழுத்தோட எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு காட்டற சிமிலாரிட்டி ரிப்போர்ட் 10 சதவீதத்துக்குக் கீழ வந்தா எத்திக்ஸ் முடிஞ்சுதுன்னு ஒரு கூட்டமே நம்பிட்டு இருக்கு. யுஜிசியோட 2018 விதி காப்பியடிக்கறதப் பத்தினது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

படி 3: சிட்டை போடுங்க

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். களத்துக்குப் போற ஒவ்வொரு நாளும் இத எழுதுங்க: எந்த ஊரு, எத்தன பேர் சரின்னாங்க, எத்தன பேர் வேணாம்னாங்க, கன்சென்ட் ஃபார்ம் (சம்மதப் படிவம்) எத்தனாவது வெர்சன், படிச்சுக் காட்டுனது யாரு, சாட்சி யாரு, எந்த ஃபோன், எந்த ஆப், அந்த ஆப் டேட்டாவ ஃபோன்லயே வச்சிக்குதா இல்ல வெளிநாட்டு சர்வருக்கு அனுப்புதா, ஏஐ டூல்னா பேரும் வெர்சனும் தேதியும். கடைசி விசயம் ரொம்ப முக்கியம், ஏன்னா இந்த டூலுங்க ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாறிருது, ஆறு மாசம் கழிச்சு எடிட்டர் கேட்டா ஞாபகத்துல இருந்து சொல்ல முடியாது.

வேணாம்னவங்க எண்ணிக்கையக் கண்டிப்பா குறிங்க. 60 பேர கேட்டு 60 பேரும் சரின்னுட்டாங்கன்னு எழுதுனா எனக்கு சந்தேகம்தான் வரும்.

படி 4: சம்மதம், இங்கதான் நேரம் செலவழிக்கணும்

ஃபார்ம் தமிழ்ல இருக்கணும், அதுவும் பேசற தமிழ்ல. "தங்களது உயிரியளவுத் தரவுகள் பகுப்பாய்விற்கு உட்படுத்தப்படும்"னு எழுதுனா அது சம்மதம் வாங்கறதுக்கு இல்ல, கையெழுத்து வாங்கறதுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னா படிச்சுக் காட்டி, கைரேகை வாங்கி, ஆராய்ச்சிக்கு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னாடி இருக்கணும், சாட்சியும் கையெழுத்துப் போடணும். பிள்ளைங்கன்னா பெத்தவங்க சம்மதம், அதோட 7லேர்ந்து 11 வயசு வரைக்கும் வாய்மொழியா பிள்ளையோட ஒப்புதல், 12லேர்ந்து 18 வரைக்கும் எழுத்துல.

தம்பி செஞ்ச பெரிய தப்பு எது தெரியுமா, பட்டறை முதலாளிய ஒரு வார்த்தை கேட்டுட்டு நேரா ஃபோன எடுத்துட்டான். முதலாளி பக்கத்துல நிக்கறாரு, "காட்டுப்பா கைய"ங்கறாரு, வேலைக்காரர் காட்டாம என்ன பண்ணுவாரு. முதலாளி குடுக்கறது உள்ள வர்றதுக்கு அனுமதி, தொழிலாளியோட சம்மதம் அவர்கிட்ட தனியா, முதலாளி இல்லாத எடத்துல, டீ குடிக்கற நேரத்துல வாங்கணும்.

இன்னொரு சிக்கல் நம்ம ஊருக்கே உரியது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள ட்ரோன் விட்டு மேலேர்ந்து படம் எடுத்து, ஓடு, கூரை எங்க சேதமாகுதுன்னு பாக்கற வேலைகள் வருது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஒரே வீட்டுக்கு எத்தன புள்ளி (கல்யாணமான குடும்பம்) பங்குன்னு எண்ணிப் பாருங்க, ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் சிங்கப்பூர்ல, சாவி வாட்ச்மேன் கிட்ட. வாட்ச்மேன் "எடுத்துக்கங்க சார்"னா அது யாரோட சம்மதம்? குறைஞ்சபட்சம் வீட்டப் பாத்துக்கற பங்காளி ஒருத்தர்கிட்ட எழுத்துல வாங்கி, மத்தவங்களுக்குத் தகவல் சொன்னாங்களான்னு கேட்டு, அதையும் பேப்பர்ல எழுதுங்க. ட்ரோன் ரூல்ஸ் 2021 படி அந்த எடம் பறக்கலாம்ங்கற மண்டலத்துல இருக்கறது வேற, வளவுல, அதாவது வீட்டு முற்றத்துல, வத்தல் காயப் போட்டுட்டு உக்காந்திருக்கற பக்கத்து வீட்டு ஆச்சி உங்க படத்துல விழறது வேற. முதலாவதுக்கு அரசாங்கம், ரெண்டாவதுக்கு நீங்கதான் பொறுப்பு. ஆளு விழுந்த ஃப்ரேம மங்கலாக்கணும் இல்லன்னா தூக்கணும், எது செஞ்சீங்களோ அத எழுதணும்.

குரல் பதிவுன்னா ஒரே டிக் போதாது. ஆச்சிங்க கிட்ட பழைய பண்டம், தாலாட்டு, பர்மா கதையெல்லாம் பதிவு பண்றவங்க இப்போ நெறைய. அஞ்சு நிமிசக் குரல் இருந்தா அதே குரல்ல எத வேணா பேச வைக்கலாம்ங்கற காலம் இது, அதனால நான் எப்பவும் மூணு கட்டம் தனித்தனியா போடச் சொல்றேன். முதலாவது, இந்த ஆராய்ச்சிக்கு மட்டும். ரெண்டாவது, மத்த ஆராய்ச்சியாளர்களுக்கும் குடுக்கலாம். மூணாவது, ஏஐ மாடலப் பழக்கப் பயன்படுத்தலாம், இல்ல பொதுவுல போடலாம். ஒவ்வொண்ணுக்கும் தனியா ஆம், இல்லை. மூணாவதுக்கு ஒரு விசயத்த மறைக்காம சொல்லணும், மாடலுக்குள்ள போனது போனதுதான், பின்னால "எடுத்துருங்க தம்பி"ன்னா கோப்ப அழிக்கலாம், கத்துக்கிட்டத அழிக்கறது சுலபம் இல்ல.

படி 5: பேர எடுத்துட்டா அநாமதேயம் ஆயிடாது

2000ல லதான்யா ஸ்வீனி ஒரு கணக்குப் போட்டு காட்டுனாங்க, அஞ்சு இலக்க ஜிப் கோடு (நம்ம பின்கோடு மாதிரி), பொறந்த தேதி, ஆணா பெண்ணா, இந்த மூணு மட்டும் இருந்தாலே அமெரிக்காவுல 87 சதவீதம் பேரத் தனியா பிரிச்சிரலாம்னு. 2006ல ஏஓஎல் கம்பெனி பேர நம்பரா மாத்திட்டு தேடல் வரிகள வெளியிட்டுச்சு, சில நாள்லயே பத்திரிகைக்காரங்க ஒருத்தர் வீட்டுக் கதவத் தட்டிட்டாங்க. அமெரிக்காவுல அப்படின்னா நம்ம ஊர்ல கேக்கவே வேணாம், "74 வயது, பெண், ரங்கூனில் பிறந்தவர், ரெண்டாவது வீதி"ன்னு டேபிள்ல போட்டா டீக்கடையில பேரு சொல்லிருவாங்க.

அதனால வயச 70க்கு மேலன்னு அடைப்புல போடுங்க, ஊர் பேருக்குப் பதிலா வட்டாரம்னு போடுங்க. ஃபோன் படத்துக்குள்ள எடம், நேரம் ரெண்டும் ஒளிஞ்சு உக்காந்திருக்கும், அத எடுத்துட்டுத்தான் யாருக்கும் அனுப்பணும். பச்சை, மோதிரம், கயிறு, தழும்பு, பின்னாடி சுவர்ல இருக்கற காலண்டர்ல கடைப் பேரு, எல்லாத்தையும் ஒருக்கா பாருங்க.

பேட்டி ஆடியோவ அப்படியே இலவச ஏஐ சைட்ல ஏத்தி டைப் பண்ணிக்கறது இப்போ சாதாரணமாயிருச்சு. ஏத்துன நொடி அந்த ஆச்சியோட பேச்சு உங்க கையவிட்டுப் போயிருச்சு. அத ஃபார்ம்ல சொல்லியிருந்தா பரவால்ல, சொல்லலன்னா உங்க ரகசியக் காப்பு வாக்குறுதி பொய். ஃபோன்லயோ லேப்டாப்லயோ நெட் இல்லாமலே ஓடற டூல் இருக்கு, கொஞ்சம் தப்பாத்தான் தமிழ எழுதும், உக்காந்து திருத்துங்க. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்குன்னு சொல்லித் தப்பிக்கப் பாக்காதீங்க, அந்த டேட்டாவ வச்சு குறிப்பிட்ட ஆளைப் பத்தி முடிவெடுக்கக் கூடாது, வகுக்கற தரங்களுக்கு உட்படணும்னு அந்த விலக்குக்கே நிபந்தனை இருக்கு.

நெட்ல பொதுவுல பேசிக்கற ஜனங்கள வச்சு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு 2025 ஏப்ரல் சம்பவம் ஒண்ணு. சூரிச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரெட்டிட்ங்கற விவாதத் தளத்துல ஏஐ எழுதுன ஆயிரத்துக்கு மேல கமெண்ட்ட மனுசன் எழுதுன மாதிரி போட்டு, ஜனங்க மனச மாத்த முடியுதான்னு பாத்தாங்க. பாலியல் வன்முறையில பாதிக்கப்பட்டவர் மாதிரியெல்லாம் வேசம் கட்டிச்சு அந்த ஏஐ. விசயம் வெளிய வந்து பெரிய கொந்தளிப்பாகி, கடைசியில முடிவுகள வெளியிடலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. கமிட்டி கிட்ட போயிருந்தாங்க, அது போதல.

படி 6: ஏஐ பயன்படுத்துனத எங்க எழுதறது

மருத்துவ ஜர்னல் எடிட்டர்களோட சர்வதேசக் கமிட்டியான ஐசிஎம்ஜேஇ 2023 மே மாசமே சொல்லிருச்சு: சாட்ஜிபிடி மாதிரி டூல் ஆத்தரா இருக்க முடியாது, பயன்படுத்துனா பேப்பர்லயும் கவர் லெட்டர்லயும் சொல்லணும். ஜர்னல் வெளியீட்டு நெறிக்கான கோப் அமைப்பும் அதே நெலப்பாடு. காரணம் சிம்பிள், தப்பு வந்தா மெசின் பதில் சொல்லாது. இங்கிலீஷ திருத்த மட்டும் பயன்படுத்துனா நன்றி பகுதியில ஒரு வரி. டேட்டாவ அலச, படம் பண்ண, கோட் எழுதப் பயன்படுத்துனா மெத்தட்ஸ்ல, டூல் பேரு, வெர்சன், என்ன கேட்டீங்க, வந்தத யாரு சரிபாத்தாங்க, அம்புட்டும்.

சொல்லிட்டா மட்டும் தப்பிச்சிரலாம்னும் இல்ல. 2024 பிப்ரவரியில ஃப்ரண்டியர்ஸ் குழுமத்து ஜர்னல் ஒண்ணுல மிட்ஜர்னிங்கற ஏஐ வரைஞ்ச எலிப் படம் வந்துச்சு, உடம்பு அளவெல்லாம் கோரமா, லேபிள்ல இருக்கறது எந்த மொழியும் இல்ல. ஏஐ படம்னு ஆத்தர்ஸ் ஒளிக்கவே இல்ல, எழுதித்தான் இருந்தாங்க. மூணே நாள்ல பேப்பர் வாபஸ். சொன்னாங்க, ஆனா பாக்கல.

உங்ககிட்ட ரிவ்யூக்கு வந்த அடுத்தவங்க பேப்பர சாட்பாட்ல ஏத்தி "இதுல என்ன குறை"ன்னு கேக்காதீங்க, அது நம்பிக்கைத் துரோகம்.

படி 7: இப்போ பாராவ எழுதுங்க

சிட்டை இருந்தா இது அரை மணி நேர வேலை. ஜர்னல் மொழி இங்கிலீஷா இருந்தாலும் முதல்ல தமிழ்ல எழுதிப் பாருங்க, ஓட்டை எங்க இருக்குன்னு தன்னால தெரியும். இப்படி வரணும்:

"இந்த ஆய்வுக்கு இன்ன நிறுவனத்தின் எத்திக்ஸ் கமிட்டி, இன்ன எண்ணில், இன்ன தேதியில் ஒப்புதல் அளித்தது. தரவு சேகரிப்பு அதன் பிறகே தொடங்கியது. 60 பேரிடம் கேட்டோம், 47 பேர் சம்மதித்தார்கள். தமிழ்ப் படிவம் முதலாளி இல்லாத இடத்தில் படித்துக் காட்டப்பட்டது, எழுதத் தெரியாத 9 பேரிடம் சாட்சி முன்னிலையில் கைரேகை பெறப்பட்டது. படங்களில் அடையாளம் காட்டும் குறிகள் நீக்கப்பட்டன. மாடல் பயிற்சிக்குத் தனியாகச் சம்மதித்த 31 பேரின் படங்கள் மட்டுமே அதற்குப் பயன்பட்டன."

எண்ணெல்லாம் உதாரணத்துக்குப் போட்டது, உங்க நோட்டுல இருக்கறத போடுங்க. "ஹெல்சிங்கி பிரகடனத்தின்படி நடந்தது"ன்னு ஒரு வரி சேக்கறது வழக்கம், சேருங்க, ஆனா எந்த வருசத் திருத்தம்னு தெரிஞ்சு சேருங்க. மனுச மருத்துவ ஆராய்ச்சி நெறிக்காக உலக மருத்துவ சங்கம் போட்டது அது, 1964ல வந்தது, கடைசியா 2024 அக்டோபர்ல திருத்துனாங்க.

பேப்பர்ல எதெல்லாம் எழுதணும்னு சொல்ற செக்லிஸ்ட்டும் இருக்கு: ஏஐய வச்சு ட்ரயல்னா கன்சார்ட்-ஏஐ, ட்ரயல் திட்டம்னா ஸ்பிரிட்-ஏஐ, ரெண்டும் 2020. நோயக் கணிக்கற மாடல்னா ட்ரைபாட் ப்ளஸ் ஏஐ, 2024. செக்லிஸ்ட்ட எறக்கி, எந்தப் பக்கத்துல எழுதியிருக்கோம்னு நெரப்பி, கூடவே அனுப்புங்க.

டேட்டா எங்க கெடைக்கும்ங்கற வரியும் சம்மதத்தோட ஒத்துப் போகணும். ஃபார்ம்ல "யாருக்கும் தர மாட்டோம்"னுட்டு பேப்பர்ல "பொதுவுல இருக்கு"ன்னா மாட்டுனீங்க. அதுக்காக "கேட்டாத் தர்றோம்"னு எழுதிட்டு கேட்டவங்களுக்குப் பதிலே போடாம இருக்கறதும் தப்பு. 2020ல 671 ஆஸ்பத்திரி, 96,032 நோயாளின்னு லான்செட் மருத்துவ ஜர்னல்ல வந்த, கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பத்தின பேப்பர், மூல டேட்டாவ சரிபாக்க வெளியாள் கிட்ட குடுக்க முடியாததாலதான் ரெண்டே வாரத்துல வாபஸ் ஆச்சு.

ஏற்கனவே தப்பாயிருச்சுன்னா

எடிட்டர் கிட்ட நீங்களா முதல்ல சொல்லுங்க. தம்பியும் அதத்தான் செஞ்சான், முழுசா எழுதி பேப்பர வாபஸ் வாங்குனான், கைடு ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாரு, அப்பறம் சரியாயிட்டாரு. பழைய படம் எல்லாம் போச்சு, கமிட்டிக்குப் புதுசா அப்ளை பண்ணி, லெட்டர் கைக்கு வந்தப்பறம் திரும்ப ஆத்தங்குடி போனான். நானும் ஒரு நாள் கூடப் போனேன்.

பச்சை குத்தியிருந்த பெரியவரும் இருந்தாரு. ஃபார்ம படிச்சுக் காட்டுனோம், பொறுமையா கேட்டுட்டு, "இந்தப் படம் எங்கெங்க போகும் தம்பி"ன்னாரு. மூணு கட்டத்தையும் வெளக்குனான். முதல் ரெண்டுக்கும் சரின்னாரு. மூணாவதுக்கு, "அது வேணாம்பா, என் கை நான் செத்தப்பறமும் எதுக்குள்ளயோ கெடக்கணுமா"ன்னு சிரிச்சுக்கிட்டே தோள்ல கெடந்த துண்ட எடுத்து முன்னங்கையில சுத்திக்கிட்டு விரல விரிச்சுக் காட்டுனாரு. அவரோட படம் இப்போ தனி ஃபோல்டர்ல இருக்கு, மாடலுக்கு அனுப்பற லிஸ்ட்ல இல்ல.